அவர்கள் ஓட, நாம் நடக்க

"ரன் என்றால் ஓடுறதுதானேப்பா? அப்புறம் எப்படி ஒரு டீச்சர் ஸ்கூலை ரன் பண்ணுவாங்க?"

வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே மகள் கேட்டாள்.

"நடத்துறாங்கன்னு அர்த்தம்மா" என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. நடத்துவதும் 'நட'விலிருந்து வந்ததுதானே! ஒரே பள்ளிக்கூடத்தை ஆங்கிலம் ஓட வைக்கிறது, தமிழ் நடக்க வைக்கிறது.

தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார். பிரிட்டனில் நிற்கிறார். நம் ஆளும் நிற்கிறார்தான், ஜெயித்த பிறகு பிடிக்க முடியாது என்பது வேறு கதை.

ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் கொண்ட சொல் எது என்றால் வெகுகாலம் 'செட்' என்றுதான் சொல்வார்கள். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மிக நீளமான பதிவு அதற்குத்தான். பிறகு அந்த அகராதியைத் திருத்தும் வேலையில் 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

இயந்திரங்கள் வந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாம் ஓடத்தானே செய்கின்றன.

நம் 'ஓடு'வும் லேசுப்பட்டதல்ல. கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும், ஒன்றும் ஓடாமல் மனசு உட்கார்ந்திருக்கும்.

ஆனால் துவைத்த துணியின் சாயம் அவர்களுக்கு ஓடுகிறது, நமக்குப் போகிறது.

காய்ச்சலும் அவர்களுக்கு ஓடுகிறது. நமக்கு அடிக்கிறது!