கோட்டுக்கு இந்தப் பக்கம்

சின்னப் பிள்ளைகளின் ரோபோ போட்டியில் நடுவராக நின்றால் பாதி நேரம் ரோபோவைப் பார்க்கவே முடியாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெரியவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் எனக்கு வேலை. வருஷா வருஷம் எங்கள் ஹாலில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி நடக்கும். மேல்வகுப்புப் பிரிவு என்றால் பேராசிரியர்கள் நான் நீ என்று முந்துவார்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்குமான பிரிவு மட்டும் என் தலையில் வந்து விழும். "பொடிசுங்கதானே, மேடம் பாத்துப்பாங்க."

போட்டி எளிமையானது. வெள்ளை ஃப்ளெக்ஸில் வளைந்து நெளிந்து போகும் ஒரு கறுப்புக் கோடு. ரோபோ அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர வேண்டும். ரோபோ என்றதும் கை கால் முளைத்த பொம்மையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அட்டை, பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, மூளையாக ஓர் ஆர்டுவினோ போர்டு, தரையைப் பார்த்தபடி இரண்டு ஐஆர் சென்சார், அவ்வளவுதான். சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். இடது சென்சார் கறுப்பைப் பார்த்தால் கோடு இடப்பக்கம் போகிறது என்று அர்த்தம். இடது மோட்டாரை நிறுத்தினால் வண்டி தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும். புரியாத மாதிரி சொல்லிக்கொடுக்கத்தான் நமக்குத் தனித் திறமை இருக்கிறது.

எங்கள் விதிகளில் பாதி உலக ரோபோ ஒலிம்பியாடைப் பார்த்து எழுதியவை. 2004-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் 8 முதல் 12 வயதுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஓட்டத்துக்கு 2 நிமிடம். புறப்படும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் எதிலும் 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. போட்டி நேரத்தில் பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது. முதல் இரண்டு விதிகளுக்கு ஸ்டாப்வாட்ச்சும் ஸ்கேலும் போதும். மூன்றாவதுதான் உயிரை வாங்கும். தொண்டையைச் செருமுவார்கள். பாக்கெட்டிலிருந்து பேட்டரியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொள்வார்கள். ஓர் அப்பா கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பதுபோல இடம் வலம் காட்டிக்கொண்டிருந்தார். பையன் ரோபோவைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வருஷம் ஐந்து அணிகள் வெவ்வேறு பள்ளிப் பெயரில் வந்திருந்தன. ஸ்டிக்கர் நிறம்தான் வேறு. ஐந்து ரோபோவும் ஒரே கூர்மையான திருப்பத்தில், ஒரே மாதிரி தலையை ஆட்டிவிட்டு, ஒரே பக்கம் கோட்டைத் தாண்டி ஓடின. ஐந்தும் ஒரே பயிற்சி மையத்தில் தயாரானவை என்பது அப்புறம் தெரிந்தது. ஏன் அங்கே திரும்பவில்லை என்று ஓர் அணியிடம் கேட்டேன். "சாருக்குத்தான் மிஸ் தெரியும்" என்றது ஒரு பெண். பொய் சொல்லத் தெரியாத வயது.

அதனால்தான் ஓட்டத்துக்கு முன்னால் நடக்கும் கேள்வி நேரம் எனக்குப் பிடிக்கும். மேசைக்கு எதிரே அணியின் மூன்று பேரும் வந்து நிற்பார்கள். நான் ஒரு வயரைக் கழற்றி, "இப்ப என்ன ஆகும்?" என்று கேட்பேன். தானே செய்த பிள்ளை வயரைப் பார்க்கும். செய்யாத பிள்ளை வாசலைப் பார்க்கும். ஒரு பயிற்சியாளர் மனப்பாடம் செய்து கொடுத்த "ஆர்டுவினோ ஈஸ் ஏ மைக்ரோகண்ட்ரோலர்" என்ற வரியை மூன்று பேரும் சேர்ந்தே ஒப்பித்த கதையும் உண்டு.

கடலூர் முதுநகர் பக்கமிருந்து ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி அணி வந்தது. டீச்சரும் மூன்று பிள்ளைகளும். ரோபோவை ஸ்வீட் பாக்ஸில் பஞ்சு வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கருவிகளைத் தாங்களே செய்து பார்க்க மத்திய அரசின் நிதி ஆயோக் 20 லட்ச ரூபாய் வரை தரும் அடல் டிங்கரிங் லேப் ஆறாம் வகுப்பிலிருந்துதான். அதற்குக் கீழே படிக்கும் பிள்ளைக்கு சாலிடரிங் வாசனை கிடைக்க வேண்டுமானால் ஒரு டீச்சர் தன் கைக்காசைப் போட வேண்டும். அந்த டீச்சர் போட்டிருந்தார்.

அவர்கள் முறை வந்தபோது மதியம் மூன்று மணிக்கு மேல். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து ஃப்ளெக்ஸின் பாதியில் பட்டையாக விழுந்திருந்தது. ஒத்திகை ஓட்டத்தில் நிழல் பகுதியில் அழகாகப் போன ரோபோ, வெயிலில் கால் வைத்ததும் கோட்டை மறந்து நேராகப் போய் என் செருப்பில் முட்டியது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையாகத் தெரியும். சென்சாரில் நீலப் பெட்டிபோல ஒன்று இருக்கும், அதில் ஒரு குட்டித் திருகு. அதைத் திருப்பிக் குறைத்துப் பார்த்தார்கள். இப்போது வெயிலில் ஓடியது, நிழலில் முரண்டு பிடித்தது. மறுபடி பழைய அளவுக்கே வைத்தார்கள்.

மூவரில் சின்னவன் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"மிஸ், எங்க நெழலு மேல வுழுந்தா கரெக்டா போவுது. நான் கூடவே நடந்து வரட்டா?"

விதியில் ரோபோவைத் தொடக் கூடாது என்றிருக்கிறது. நிழலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகள் தடத்தைச் சுற்றியுள்ள எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதை ஒருவனுக்காகத் தளர்த்த முடியாது. தலைமை நடுவரிடம் போய், காலையில் ஓடிய அணிகளுக்கு இந்த வெயில் இல்லையே, ஜன்னலை மறைக்கலாமா என்றேன். "வெயில் எல்லாருக்கும் பொதுதானே மேடம்" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வந்தது, நேரம் வரவில்லை. வரிசையில் அடுத்த அணி நின்றிருந்தது.

நடந்து வரக் கூடாது என்று அவனிடம் சொன்னேன். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நெழலையே கட்டிடலாம்" என்றாள் கூட இருந்த பெண். நோட்டுப் புத்தகத்தின் பிரவுன் அட்டையைச் சரக்கென்று கிழித்து, இரண்டாக மடித்து, சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினார்கள். முதலில் அது தரையில் உரசி மோட்டாரைத் திணறடித்தது. ஸ்கேலை வைத்து அரை சென்டிமீட்டர் கத்தரித்தார்கள். இது எல்லாம் சரிசெய்யக் கொடுத்த நேரத்துக்குள். டீச்சர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதடு துடித்ததே தவிர ஒரு சைகை இல்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

ரோபோ மெதுவாக ஓடி முழுத் தடத்தையும் முடித்தது. பரிசு பட்டியலில் வரவில்லை. காலையிலேயே அதைவிட வேகமாக முடித்தவர்கள் இருந்தார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

இந்த வயதுக்குப் போட்டியே வேண்டாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற இன்னொரு உலக அளவிலான ரோபோ நிகழ்ச்சியில் 6 முதல் 10 வயதுக்காரர்களுக்கு மதிப்பெண் போட்டு ஓடும் ரோபோ பந்தயம் கிடையாது. மோட்டார் வைத்து ஒரு மாதிரி கட்டி, எப்படிச் செய்தோம் என்பதைத் தட்டியில் ஒட்டி, பார்க்க வருகிறவர்களிடம் விளக்கினால் போதும். இரண்டரை நிமிட ரோபோ ஆட்டம் அடுத்த பிரிவில்தான். எனக்கு அந்த ஏற்பாட்டில் மரியாதை உண்டு, ஆனால் முழு சம்மதம் இல்லை. கடிகாரம் ஓடாவிட்டால் அந்த அட்டை கிழிந்திருக்காது. பிள்ளைகள் போட்டியைத் தாங்குவார்கள். தோற்றாலும் அடுத்த நிமிடம் வராந்தாவில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். தாங்காதவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள்.

கேள்வி நேரத்துக்கும் ஓட்டத்துக்கும் பாதிக்குப் பாதி மதிப்பெண் வைக்கலாம் என்று குழுவில் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓட்டம் எல்லார் கண்ணெதிரே நடக்கிறது, கேள்வி நேரம் அறைக்குள் நடக்கிறது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்கிறார்கள். அப்படியானால் கேள்வியையும் ஹாலிலேயே மைக் வைத்துக் கேட்போம் என்றேன். "யோசிப்போம்" என்றிருக்கிறார்கள். மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை மட்டும் வந்துவிட்டது.