பாறை காயும்வரை

"இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, அத்தை" என்றாள் அண்ணன் மகள், பாறையடி மணலைக் கட்டைவிரலால் கிளறிவிட்டு. மேலே உலர்ந்து வெளுத்திருந்த மணல், ஒரு விரற்கடை ஆழத்திலேயே கருத்துக் கிடந்தது. முந்தின இரவு பெய்த மழை. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அவள் சுமந்து வந்த மடக்கு மெத்தையை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கடுகு மஞ்சள் கம்பளி நூலை எடுத்தேன்.

ஃபோந்தேன்புளோ காடு பாரிஸுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அங்கே இருக்கும் அரண்மனைக்குப் போவார்கள். பாறையேறிகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பா க்யுவியே போன்ற பாறைக் கூட்டங்களைத் தேடி நேரே காட்டுக்குள் போய்விடுவார்கள். ஆளுயரம், இரண்டு ஆளுயரத்தில் தனித்தனியாகக் கிடக்கும் பாறைகள். கயிறு கிடையாது. கீழே ஒரு மெத்தை, விழுந்தால் மெத்தைப் பக்கம் திருப்பிவிட ஒரு துணை, அவ்வளவுதான்.

புதுச்சேரிக்காரியான எனக்குப் பாறை என்றால் செஞ்சிக் கோட்டைக் கருங்கல்தான். மழை பெய்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இது வேறு சாதி. ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுச் சென்ற மணல் இறுகித்தான் இந்தப் பாறை ஆனது. நனைந்தால் வலு குறைந்துவிடும். அவசரப்பட்டு ஏறினால் விரல் பிடிக்கும் விளிம்பு பிய்ந்து கையோடு வரும். பிய்ந்தது பிய்ந்ததுதான், பிறகு வருகிறவர்களுக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் மழைக்கு மறுநாள் காத்திருப்பது இங்கே எழுதாத சட்டம். காத்திருக்கத் தெரியாத இளசுகள் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தொப்பியின் விளிம்பு பாக்கி இருந்தது.

இரண்டு கண்ணி நேர், இரண்டு கண்ணி புறம். சுற்றி வந்தால் 88 கண்ணி. ஏழாவது சுற்றில் ஊசி ஏதோ இடறியது. பார்த்தால், பைன் மரத்து ஊசியிலை ஒன்று நூலோடு சேர்ந்து இரண்டு சுற்றுக்கு முன்பே பின்னப்பட்டிருந்தது. பிரிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டேன். தலையில் குத்தினால் அண்ணன் மகள் சொல்லட்டும், தொப்பி அவளுக்குத்தானே.

காட்டில் உட்கார்ந்து பின்னுகிறவளை விநோதமாகப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். சிரிப்பு வந்தது. காட்டின் விளிம்பிலேயே இருக்கிறது பார்பிஸோன் கிராமம். அங்கே வாழ்ந்த ஓவியர் மிலே வரைந்த ஆட்டிடைச்சி, மந்தை மேய, தலை குனிந்து பின்னிக்கொண்டுதான் நிற்கிறாள். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன் நின்று அவள் விரல்களை வெகுநேரம் பார்த்திருக்கிறேன். மேய்ச்சல் என்பதும் பாதி காத்திருப்புதானே. ஆக, இந்தப் பக்கத்தில் நான் செய்வது புதுப் பழக்கம் ஒன்றுமில்லை.

பகல் ஒரு மணிக்கு மேல் வெயில் மரங்களுக்கு மேலே வந்தது. காற்றும் சேர்ந்துகொள்ள, பாறைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. எந்தப் பாறையில் எந்த வரிசையில் ஏறுவது என்பதைப் பாறையிலேயே சின்ன அம்பும் எண்ணும் வரைந்து காட்டியிருப்பார்கள். மஞ்சள் எளிது, ஆரஞ்சு கொஞ்சம் கடினம், பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகும். வண்ணக் குறி இந்தக் காட்டுக்குப் பழகியதுதான்: 1840களிலேயே தெனெக்கூர் என்பவர் நடைபாதைகளுக்கு நீலக் குறி வைத்தார். ஐம்பதை நெருங்கும் என் முழங்காலுக்கு ஆரஞ்சு போதும்.

பழைய கால்மிதித் துண்டில் காலணியின் அடியைத் துடைத்தேன். ஒட்டிய மணல் பாறையை உரசி வழுவழுப்பாக்கிவிடும் என்பதால் இது கட்டாயம். சரிவான பாறை, கைக்குப் பிடியே இல்லை. உள்ளங்கையை அழுத்தி, காலை மட்டும் நம்பி எழ வேண்டும். முதல் முறை வழுக்கினேன். இரண்டாம் முறையும். "குதிகாலை இறக்குங்கள், அத்தை" என்று கீழிருந்து குரல் வந்தது. இறக்கினேன், ரப்பர் பிடித்துக்கொண்டது. மேலே போய்ப் பாசி படிந்த உச்சியில் உட்கார்ந்தபோது, இந்தச் சின்ன உயரத்துக்கா இவ்வளவு படபடப்பு என்றிருந்தது.

அவள் போனது லா மரி ரோஸுக்கு. 1946இல் ரெனே ஃபெர்லே முதன்முதலில் ஏறிய வழி. வழிகளின் கடினத்தைச் சொல்லும் தரவரிசையில் இந்தக் காட்டின் முதல் 6ஏ. எத்தனையோ பேர் மிதித்து மிதித்துக் கோயில் படிக்கட்டுபோல மழமழத்துவிட்டது. ஆறு முறை விழுந்தாள். ஏழாவது முறை விழுந்ததும் அந்தப் பாறையைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அந்தப் பணிவு பிடித்திருந்தது, அது கிண்டலாகவே இருந்தாலும்.

திரும்பும் வழியில் அவள் காரை ஓட்ட, நான் தொப்பியை மறுபடி எடுத்தேன். ஒரு கண்ணிகூட நகரவில்லை. மணற்கல் என் விரல் நுனிகளைச் சொரசொரப்பாக்கியிருந்தது; தோலின் ஒவ்வொரு பிசிரிலும் கம்பளி மாட்டிக்கொண்டது. காலையில் பின்னிவிட்டு மாலையில் ஏறலாம், ஏறிவிட்டுப் பின்ன முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் முன்பெட்டியைத் திறந்து துழாவி, எதையோ என் மடியில் போட்டாள். நான்காக மடித்த உப்புத்தாள்.

"விரலுக்குத்தான், அத்தை. நாங்கள் எல்லோரும் தேய்ப்போம்."