பொலித்தீன் பைக்குள் ஒரு வங்கிப் புத்தகம்

"பிள்ளை, இந்தக் காசெடுக்கிற படிவத்தை ஒருக்கா நிரப்பித் தாறியளே?" என்று ஓர் அம்மா இன்று வங்கியில் படிவத்தோடு என்னிடம் நீட்டிய சேமிப்புப் புத்தகம், மழையில் நனையாதபடி இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் சுற்றப்பட்டிருந்தது.

உள்ளே மாதத்துக்கு ஒரே வரவுதான். அஸ்வெசும, இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குத் தரும் உதவிப் பணம்.

ஒவ்வொரு வரவுக்கும் அடுத்த வரியிலேயே, ஐம்பது ரூபாய்கூட மிஞ்சாமல், பணம் எடுக்கப்பட்டிருந்தது.

பொருளாதாரம் சரிந்தபின், 2023 ஜூலையில், பழைய வறுமை நிவாரணமான சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் இத்திட்டம் வந்தபோது வறியோருக்கு மாதம் 8,500 ரூபாயும் மிக வறியோருக்கு 15,000 ரூபாயும் என்று வகுத்தார்கள். சமூகப் பாதுகாப்புக்கென்று உலக வங்கி அதற்கு முந்தைய மாதம் 20 கோடி டொலருக்கு ஒப்புதல் அளித்திருந்தது.

அதுவும் கடன்தான். இந்த அம்மாவின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து அடைக்க வேண்டிய கடன். ஆனாலும் வாங்கியது சரி என்றே நினைக்கிறேன், பசி தவணை கேட்டுக் காத்திருப்பதில்லை.

என் மனம் ஆறாதது வேறொன்றில். கல்வி, உடல்நலம், சொத்து, வீட்டு நிலை என்று 22 அளவுகோல்களால் வறுமையை அளக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் கூலிவேலைக்குப் போகும் ஒரு குடும்பம் அந்தக் கணக்கில் விழவேயில்லை. மேன்முறையீடு செய்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார்கள்.

அம்மா பணத்தை இருமுறை எண்ணி, புத்தகத்தை மீண்டும் பைகளுக்குள் சுற்றிக்கொண்டார். "முதல்ல கடைக்காரற்ற கடன் கொப்பியை வெட்டோணும்," என்றார்.