ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் இருந்தது

சிங்கப்பூரில் சாங்கி பக்கம் நிறுத்தியிருக்கும் எங்கள் படகில் பழைய ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு 300 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி வைத்தோம். அதற்கு ஈடுகொடுக்க, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் 120 ஆம்பியரில் மாட்டியாயிற்று. ஆனால் புலாவ் உபின் தீவைச் சுற்றி இரண்டு மணி நேரம் ஓட்டியும் பேட்டரி பாதிகூட ஏறவில்லை. கேபிளைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் முதலில் 65 ஆம்பியர், அப்புறம் 42.

ஆல்டர்னேட்டர்தான் கோளாறு என்று கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். சோதனை மேசையில் 118 ஆம்பியர் தந்தது. ஒரு சனிக்கிழமை அதிலேயே போய்விட்டது.

பக்கத்துப் படகு அண்ணன் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். விவரத்தைக் கேட்டதும், "தம்பி, மைனஸ் பக்கம் அளந்து பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தோம். ஆல்டர்னேட்டர் முனையில் 14.4 வோல்ட், பேட்டரியில் 13.6. இடையில் தொலைந்த 0.8 வோல்ட்டில் பிளஸ் கேபிளில் போனது 0.3 தான். மிச்சம் 0.5 மைனஸ் வழியில். ஆல்டர்னேட்டருக்குள் இருந்து வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் முனையில் 14.4 இருப்பதைப் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று கையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது.

மைனஸ் கேபிள் எஞ்சின் பிளாக்கில் சேரும் போல்ட்டைக் கழற்றினேன். கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையமான லக்கின் அடியில் பெயின்ட், அதற்கு மேல் பச்சைக் களிம்பு. ஓரத்தில் பொட்டு அளவுக்குத்தான் செம்பு பளபளத்தது. 42 ஆம்பியரும் அந்தப் பொட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. கணக்குப் போட்டால் 21 வாட், ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் அளவு சூடு! கேபிளின் உறை அங்கே இளகிப்போய் இருந்தது.

இரண்டு பக்கமும் 70 சதுர மில்லிமீட்டர் டின் பூசிய கேபிள் போட்டேன். மைனஸை பிளாக் வழியாக விடாமல் ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்தே நேராக இழுத்தேன். புல்லியைச் சுற்றி ரப்பர் கருந்தூள் படிந்திருந்தது, பெல்ட் வழுக்கிய அடையாளம். ஒற்றை வி பெல்ட் இந்தச் சுமையைத் தாங்காது. பல வரிப் பெல்ட்டும் அதற்கேற்ற புல்லிகளும் வாங்கினேன். செலவில் பெரியது இதுதான்.

சரி, முடிந்தது என்று ஓட்டினால் 112 ஆம்பியர்! மனம் குளிர்ந்தது, ஆனால் கால் மணி நேரத்தில் ஆல்டர்னேட்டர் உடம்பு 118 டிகிரி. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இதுவரை மோசமான இணைப்புதான் ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் எஞ்சின் பெட்டியே 50 டிகிரிக்கு மேல் போகும். அதனால் உள்ளே இருந்த ரெகுலேட்டரை விலக்கி, வெப்ப சென்சார் உள்ள வெளி ரெகுலேட்டரை வைத்து, ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்டு மின்சாரத்தை 75 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தினேன். வோல்ட்டேஜை இப்போது பேட்டரி முனையிலேயே பார்க்கிறது.

போன ஞாயிறு மூன்று மணி நேரம் ஓட்டினோம். 85 ஆம்பியர் நிலையாக நின்றது, சூடு 98ஐத் தாண்டவில்லை. அடுத்த வேலை: பேட்டரி அளவுக்கு மேல் ஏறாமல் காக்கும் காவல் சுற்று, எஞ்சின் ஓடும்போதே இணைப்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் வோல்ட்டேஜ் எகிறி வெடிக்காதிருக்க, அது துண்டிக்கும் முன்பே ரெகுலேட்டரை நிறுத்தும் வயர் ஒன்று இழுக்க வேண்டும். அதுவரை பேட்டரியை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை.