கணுக்கால் புண்ணுக்குக் கட்டுதான் மருந்து

விசைத்தறிக் கொட்டகையில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் முட்டிக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்திருந்தால் யாரும் அதை வியாதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. தறிக்காரன் கால் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். எனக்கு முதலில் சாயங்காலம் கால் வீங்கும், படுத்து எழுந்தால் வடிந்துவிடும். பிறகு உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிப்பெடுத்தது. அந்த இடமே புண்ணாகி, ஆறுவேனா என்றது.

உள்ளூர் கிளினிக்கில் ஆயின்மென்டும் ஆன்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள்; இல்லை. திருப்பதியா வேலூரா என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் வேலூர் என்றேன். எனக்குத் தெரிந்த தெலுங்கு கடைவீதிக்குப் போதும், வலியைச் சொல்லப் போதாது. அரக்கோணம் போய் ரயில் மாறி காட்பாடியில் இறங்கினோம். ரத்தநாள அறுவைக்கென்றே தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி அது.

அங்கே ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்க என்னைப் படுக்க வைக்கவில்லை, நிற்க வைத்தார்கள். கெண்டைச் சதையை அமுக்கினால் ரத்தம் மேலே ஏறுவது ‘புஸ்’ஸென்று கேட்கும். கையை எடுத்ததும் சத்தம் நின்றுவிட வேண்டும். எனக்கு அது திரும்பக் கீழே இறங்குவது நீளமாகக் கேட்டது. நாம் நரம்பு என்கிறதுதான் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அரை நொடிக்கு மேல் இறங்கினாலே, ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் அதன் வால்வு கெட்டுவிட்டது என்று அர்த்தமாம். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடந்தால் கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளுவதால் அது 30-க்குக் கீழே இறங்கும். வால்வு கெட்டவனுக்கு நடந்தாலும் அவ்வளவு இறங்குவதில்லை. அந்த அழுத்தம்தான் தோலைக் கறுக்கவைத்துப் புண்ணாக்குகிறது. நான் பூசிய மருந்தெல்லாம் ஏன் வீணாயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆழத்தில் உள்ள பெரிய சிரையில் பழைய அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இருந்தால் தோலுக்கு அடியில் இருக்கும் மேல் சிரைதான் மாற்றுப்பாதை, கெட்டதென்று அதை லேசரால் மூடுவதற்கு முன் நிறைய யோசிக்க வேண்டுமாம்.

உடனே கட்டுப் போடுவார்கள் என்று காலை நீட்டினேன். “இருங்க ஐயா, கீழே போற ரத்தம் சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான்” என்றார் டாக்டர். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தார்கள். 0.9-இலிருந்து 1.3 வரை இருந்தால் நல்லது. 0.5-க்குக் கீழே இருந்தால், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு கடுமை. அந்தக் காலை இறுக்கிக் கட்டினால் விரலே அழுகிவிடலாம். இதைப் பார்க்காமல் கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கித் தானாகச் சுற்றிக்கொள்கிறவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

எனக்குத் தமனி நன்றாக இருந்ததால் கட்டு விழுந்தது. கால்விரல் மடிப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை பல அடுக்கு. கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையும். வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். ஆரம்பத்தில் நீர் கசிந்து நாற்றமடித்தது, வெயில் காலத்தில் உள்ளே ஊறல் உயிரை வாங்கியது. “என்னங்க, இதை அவுத்துடலாமா?” என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். அவிழ்க்கவில்லை. குளிக்கும்போது காலுக்குப் பிளாஸ்டிக் பை, ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் செங்கல். ஓரத்திலிருந்து புதுத்தோல் பிடித்து வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

புண் முழுக்க ஆறும் முன்பே கெட்ட சிரையை லேசரால் சுட்டு மூடினார்கள். முன்பெல்லாம் புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்ப்போம் என்று காத்திருப்பார்களாம். 2018-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், கட்டோடு சீக்கிரமே சிரையையும் மூடியவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது. காத்திருந்தவர்களில் அதற்கு 82 நாள் ஆயிற்று. எனக்கு மயக்க மருந்தெல்லாம் இல்லை. முட்டிக்குப் பக்கத்தில் ஊசித்துளை வழியாக மெல்லிய இழையை இடுப்பு மடிப்பு வரை ஏற்றி, சிரையைச் சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த நீரைச் செலுத்துகிறார்கள். அந்த ஊசிகள்தான் வலி, லேசர் தெரியவே இல்லை. முடிந்ததும் “நடங்க” என்றார்கள், நடந்தேன்.

இப்போது இறுக்கக் காலுறை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், வீங்கிய பிறகு ஏறாது. ஆறு மாதத்தில் இழுவிசை தளர்ந்துவிடும், புதுசு வாங்க வேண்டும். தறிக்கு நடுவே நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், பசங்க சிரிக்கிறார்கள்.

இரண்டு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் ஓடாதீர்கள், உட்காராதீர்கள். படுத்து, காலை உயரத் தூக்கி, துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தடவி நீவாதீர்கள். அது ஆழ்சிரையில் கட்டிய ரத்தமாக இருக்கலாம், நுரையீரலுக்கு ஏறிவிடலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.