தக்காளி ஏன் ‘ப்ரீஷியஸ்’ ஆகாது

மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆறேழு பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வந்து உட்காருவார்கள். ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் அவர்கள் எல்லோருமே தமிழ்வழி மாணவர்கள். தக்காளி விலை ஏறிக் கிடந்த ஒரு நாளில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தான் எழுதிய வாக்கியத்தை என்னிடம் நீட்டினாள். ‘டொமேட்டோஸ் ஆர் ப்ரீஷியஸ் டுடே’ என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல் இங்கே பொருந்தாது என்று நான் சொன்னதும், நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டி, சிவப்பு மையில் ‘சரி’ போடப்பட்டிருந்த ஒரு வரியைக் காட்டி, “இதுல அப்படித்தானே சார் இருக்கு?” என்று கேட்டாள். ‘ப்ரீஷியஸ் – விலையுயர்ந்த’ என்றுதான் அங்கே இருந்தது. டிக்டேஷனில் அவளுக்கு இருபதுக்கு இருபது. படித்ததைத்தான் அவள் எழுதியிருந்தாள்.

தமிழில் ‘விலையுயர்ந்த’ என்பதைப் பட்டுப்புடவைக்கும் சொல்லலாம், வைரக்கல்லுக்கும் சொல்லலாம். ஆங்கிலத்தில் பணம் அதிகம் கேட்கும் பொருள் எக்ஸ்பென்சிவ். இழக்க மனம் வராத அளவுக்கு மதிப்புடையது ப்ரீஷியஸ். ‘அருமந்த பிள்ளை’ என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த ‘அருமந்த’ என்ற சொல்தான் ப்ரீஷியஸுக்கு மிக அருகில் நிற்கிறது. இதைச் சொன்னவுடன் அவள் முகத்தில் தெளிவு வந்தது. ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைத்து அதை மனப்பாடம் செய்துவிட்டால் ஆங்கிலச் சொல் வசப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை நம் பிள்ளைகளை எவ்வளவு தூரம் தவறான வழியில் கொண்டுபோகிறது என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொல் தனியாக வாழ்வதில்லை. அதற்கென்று ஒரு சுற்றம் உண்டு. தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். இவற்றை மாற்றிச் சொல்ல நம் நாக்கு வராது. இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை, கேட்டுக் கேட்டுப் படிந்தது. டீக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்கும் மாணவனுக்கு ஸ்ட்ராங் என்ற சொல்லின் ஒரு சுற்றம் ஏற்கெனவே தெரியும். ஆனால் பலத்த மழை ஆங்கிலத்தில் ஸ்ட்ராங் ஆகாது, ஹெவி ரெயின் ஆகும். நாம் மருந்து சாப்பிடுகிறோம் என்பதால் பிள்ளைகள் ‘ஈட் மெடிசின்’ என்று எழுதுகிறார்கள். அங்கே வரவேண்டியது ‘டேக்’. வகுப்பில் எழுந்து ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். நம் ஊரில் அது புரிந்துவிடும். வெளிநாட்டில் கேட்பவரோ அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நமக்கு அங்கே தேவைப்படும் சொல் ‘க்வெஸ்சன்’. ஆகவே ப்ரீஷியஸ் என்று மட்டும் எழுதாமல், ‘ப்ரீஷியஸ் ஸ்டோன்’, ‘ப்ரீஷியஸ் டைம்’ என்று துணையோடு எழுதச் சொல்கிறேன்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான நிகண்டைத்தான் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் சூடாமணி நிகண்டைத் திறந்து பாருங்கள்: தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று சொற்கள் இனம் இனமாக, அதுவும் ஓசையுள்ள செய்யுளாக வரும். அங்கே கற்ற சொல்லைப் பிறகு படிக்கும் இலக்கியத்தில் மாணவன் மீண்டும் மீண்டும் சந்தித்தான். ஒன்றோடொன்று உறவில்லாத இருபது சொற்களைக் கொடுத்து, தப்பினால் பத்து முறை இம்போசிஷன் எழுதவைப்பதற்கும் அதற்கும் பெருந்தொலைவு. பத்து முறை எழுதும்போது மூன்றாம் முறைக்குப் பிறகு கை மட்டுமே எழுதுகிறது.

பிள்ளைகளின் நோட்டில் நான் மிகவும் கவலைப்படுவது உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தைப் பற்றித்தான். ஒரு மாணவனின் நோட்டில் ‘பேக்’ என்று நான்கு இடங்களில் இருந்தது. ஒன்று பை, ஒன்று முதுகு, ஒன்று மூட்டை கட்டுதல், மற்றொன்று ரொட்டி சுடுதல். நான்கும் வேறு வேறு ஒலிகள். தமிழ் எழுத்தில் நான்கும் ஒன்றாகிவிட்டன. இது நம் எழுத்தின் குறை அன்று. கடல், பகல், பங்கு என்ற மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதை, அது நிற்கும் இடத்தைக் கொண்டே தமிழ் படிப்பவர் அறிந்துகொள்கிறார். ஆங்கிலச் சொற்களுக்கு அந்த விதி செல்லாது. எனவே முதலில் காதால் கேட்க வேண்டும். செல்போனில் உள்ள அகராதிகள் சொல்லை ஒலித்துக் காட்டுகின்றன; கண்ணை மூடி மூன்று முறை கேட்டு, உரக்கச் சொல்லிப் பார்த்த பிறகே நோட்டைத் திறக்க அனுமதிக்கிறேன்.

எழுத்துக்கூட்டலுக்குக் கதைகள் உதவுகின்றன. நைஃப் என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காமல் நிற்கும் ‘கே’ பழைய ஆங்கிலத்தில் உண்மையிலேயே ஒலித்தது. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் உள்ள ‘பி’, லத்தீன் மூலமான டெபிட்டம் என்பதை நினைவூட்டப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. ஐலண்டில் உள்ள ‘எஸ்’ லத்தீன் இன்சுலாவோடு தவறாக உறவு கற்பித்து நுழைக்கப்பட்டது. இக்கதைகளைக் கேட்ட பிள்ளைகள் அந்த எழுத்துகளை விடுவதில்லை.

சொல் குடும்பங்களும் அப்படியே. ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் போர்ட்டரிடமிருந்து தொடங்குவேன். சுமப்பது என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டபிள் எல்லாம் வரிசையாக வரும். ஏர்போர்ட்டில் உள்ள போர்ட் மட்டும் துறைமுகத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கட்டுமரம் கேட்டமரான் ஆனதையும், மிளகுத்தண்ணீர் மலிகடானி சூப் ஆனதையும், சுருட்டு ஷெரூட் ஆனதையும் சொல்லும்போது, அந்த மொழி தங்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்ற தைரியம் பிள்ளைகளுக்கு வருகிறது.

எந்தச் சொற்களை முதலில் கற்பது என்பதற்கும் விடை உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அடிக்கடி பயன்படும் ஏறத்தாழ 2000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1953-ல் பட்டியலாக வெளியிட்டார். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் பட்ட பாட்டை நேரில் கண்டவர் அவர். கெட், மேக், கீப், டர்ன் போன்ற எளிய சொற்களின் பல பொருள்கள் பிடிபடாத மாணவனுக்கு, நாளொரு கடினச் சொல் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவதால் பயனில்லை.

கற்றது மறக்கத்தான் செய்யும். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம் மறதியை அளந்த ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ், கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாள்களிலேயே நழுவிவிடுகிறது என்பதை 1885-ல் எழுதினார். இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பதுதான் மருந்து. அதற்கு செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1970-களில் பரப்பிய பெட்டி முறையைப் பின்பற்றுகிறோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, எழுதாத பக்கத்தில் சொல்லையும் அதன் துணைச் சொல்லையும் எழுதுகிறோம்; பொருளை அச்சிட்ட பக்கத்தில் ஒரு சிறு தாள் ஒட்டி எழுதுகிறோம். மூன்று மிட்டாய்ப் பெட்டிகள். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். வாரத்துக்கு ஐந்து புதிய சொற்களுக்கு மேல் சேர்ப்பதில்லை.

ப்ரீஷியஸ் அட்டை மூன்றாம் பெட்டிக்குப் போய் நாளாகிறது. அதன் பின்புறம் ‘விலையுயர்ந்த’ என்பதை அடித்துவிட்டு ‘அருமந்த’ என்று அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். த்ரூ, தோ, தாட், தரோ என்ற நான்கு அட்டைகள் மட்டும் ஒரு மாதமாக முதல் பெட்டியை விட்டு நகரவில்லை. நாளை மாலை அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, நோட்டுகளை மூடிவைத்துவிட்டுக் கேட்கப்போகிறோம்.