உறைக்குள் உறை

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பனி அள்ளும் வண்டி, சிறைச்சாலைக்கு மெத்தை, அலுவலகத்துக்குக் காகிதம் என்று என்னென்னவோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மனசில் நிற்பது தபால் வாக்கு உறைகளைப் பிரிக்க வாங்கிய இயந்திரம்தான்.

வெளியூரில் இருக்கிறேன், உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னால்தான் இங்கே முன்பெல்லாம் தபாலில் வாக்களிக்கலாம். 2019 அக்டோபர் கடைசியில் ‘ஆக்ட் 77’ என்ற சட்டம் வந்து, காரணம் சொல்லத் தேவையில்லை என்று மாற்றியது. மறு ஆண்டே கொரோனா. 2020 நவம்பர் அதிபர் தேர்தலில் மாநிலம் முழுக்கச் சுமார் 26 லட்சம் தபால் வாக்குகள். ஆனால் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஓர் உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது என்பது விதி. செவ்வாய்க்கிழமை தேர்தல், பென்சில்வேனியா யாருக்கு என்று ஊடகங்கள் அறிவிக்கச் சனிக்கிழமை ஆகிவிட்டது. அந்த நான்கு நாளும் எங்கள் தேர்தல் பிரிவினர் கேட்ட ஏச்சும் பேச்சும் கொஞ்சமல்ல. உள்ளே மோசடி நடக்கிறது என்றார்கள். உள்ளே மனிதர்கள் கை வலிக்க வலிக்க உறை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

2022இல் ‘ஆக்ட் 88’ என்ற சட்டத்தின் மூலம் மாநிலம் கவுன்டிகளுக்கென 4.5 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் வாங்கினால், தேர்தல் நாள் காலை 7 மணிக்குத் தொடங்கி முடியும்வரை உறை பிரித்து எண்ணும் வேலையை நிறுத்தக் கூடாது. இயந்திரம் வாங்கும் பேச்சு எங்களிடம் அப்போதுதான் சூடுபிடித்தது.

டெண்டர் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே வேகம்: மணிக்கு எத்தனை உறை. தேர்தல் பிரிவில் தலை நரைத்த ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, “முதல்ல நீங்களே ஓர் உறையைப் பிரிச்சுப் பாருங்க” என்று கூட்டிப்போனார்.

வெளியுறையில் வாக்காளரின் கையெழுத்து, தேதி, பார்கோடு. உள்ளே பெயரில்லாத ரகசிய உறை. அதற்குள் வாக்குச்சீட்டு. வெளியுறையைப் பிரித்து, உள்ளுறைகளை எடுத்துக் கலந்த பிறகுதான் அவற்றைத் திறக்க வேண்டும். இந்தச் சீட்டு யாருடையது என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போவது அந்த மேஜையில்தான். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர், தேர்தல் பணிக்குப் போவார், தபால் வாக்குதான் போடுவார். அங்கேயும் சின்ன உறை, பெரிய உறை. நாக்கில் தடவாமல் பசை வைத்து, நகத்தால் நீவி நீவி ஒட்டுவார்.

டெமோவுக்கு விற்பனையாளர் கொண்டுவந்தவை புத்தம்புது உறைகள். அந்த அம்மா தன் பங்குக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார்: மாதிரிச் சீட்டைக் கோணலாக மடித்துப் போட்டவை, டேப் ஒட்டியவை, நனைத்துக் காயவைத்தவை. இயந்திரம் ஓடியது. ஓரத்தைச் சீவிய காகிதச் சுருள்கள் நூல் நூலாகக் கூடையில் விழுந்தன. ஒரு சுருளை எடுத்து விளக்கடியில் பிடித்துக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே கறுப்பு மை. சீட்டு உறையின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. பிளேடு அதையும் சீவிவிட்டது. சீட்டின் விளிம்பில் உள்ள கறுப்புக் கட்டங்களை வைத்துத்தான் ஸ்கேனர் இடம் கண்டுபிடிக்கிறது. அது போனால் சீட்டை ஏற்காது. இரண்டு பேர் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து, புதுச் சீட்டில் பிரதி எடுக்க வேண்டும்.

டெண்டரைத் திருப்பி எழுதினேன். சீட்டு ஒரு பக்கமாக இறங்கும்படி உறைகளைக் குலுக்கிவிடும் தட்டு வேண்டும். வெட்டும் ஆழத்தை மாற்ற வசதி வேண்டும். எங்கள் உறையை வைத்துத்தான் டெமோ. வேகம் ஏழாவது வரிக்குப் போனது. ஒப்பந்தத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: “பழுது, அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்யப்படும்.” பல வருடமாக எல்லா ஒப்பந்தத்திலும் நான் படிக்காமல் தாண்டிய வரி. தேர்தலுக்கு ஏது அடுத்த வேலை நாள்? அன்று காலை 6 மணிக்கே மெக்கானிக் எங்கள் அறையில் இருக்க வேண்டும் என்று சேர்த்தேன். விலை கூடியது. கவுன்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் ஏன் என்று கேட்டார்கள். அந்தச் சுருளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

அடுத்த தேர்தலில் காலை 7 மணிக்கு முதல் தட்டை ஏற்றினார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போய் நின்றேன். கூடையை அவ்வப்போது கிளறிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் இரண்டு சுருளில் கறுப்பு இருந்தது. அந்த இரண்டு சீட்டுகளையும் விரிக்கும்போதே கண்டுபிடித்து, தனியே எடுத்துவைத்து, பிரதி எடுக்கும் மேஜைக்கு அனுப்பிவிட்டிருந்தார் அந்த அம்மா.